சில்வர்ட்டன், கொலராடோ: ஓடையில் ஓடும் செம்மஞ்சள் சுரங்கம் தந்ததா, மலை தந்ததா?

தூரப்பயணி எழுதியது:

கொலராடோவின் தென்மேற்கு மூலையில், சான் ஹுவான் மலைகளுக்கு நடுவே 9,318 அடி உயரத்தில் இருக்கிறது சில்வர்ட்டன். சுற்றிலும் 13,000 அடி தொடும் சிகரங்கள். நடுவில் தட்டையான ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரு கைப்பிடித் தெருக்கள். ஊர் ஓரத்தில் அனிமாஸ் ஆற்றோடு சிமென்ட் க்ரீக் என்ற ஓடை வந்து கலக்கிறது. அந்த ஓடையில் கல்லெல்லாம் துரு நிறம். 2015-ல் கோல்ட் கிங் சுரங்கம் உடைந்து ஆறே செம்மஞ்சளாக ஓடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் "சுரங்கக்காரர்கள் கெடுத்தது" என்கிறார்கள். மீதிப் பேர் "அந்த ஓடை என்றைக்குமே அப்படித்தான்" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். கோடையில் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் எதை எந்த வரிசையில் பார்த்தால் இந்த வரலாறு பிடிபடும் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

---

கற்படுகை எழுதியது:

மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய எரிமலைகள் வெடித்து, அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் மேல்தரை உள்ளே இறங்கியது. அப்படி இறங்கிய வட்டப் பள்ளங்களில் ஒன்று சில்வர்ட்டன் கால்டெரா. ஊர் அதன் தெற்கு விளிம்பில் இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மேற்கே மினரல் க்ரீக்கும் கிழக்கே அனிமாஸும் வளைந்து வருவது அந்த வட்டத்தின் விளிம்பை ஒட்டித்தான். விளிம்பில் பாறை நொறுங்கியிருந்ததால் தண்ணீருக்கு அங்கே வழி வெட்டிக்கொள்வது எளிதாக இருந்தது.

எரிமலை அடங்கியபின் பல பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து, அதே வெடிப்புகளின் வழியே கந்தகம் கலந்த வெந்நீர் மேலேறியது. வெடிப்புகளில் வெள்ளி, ஈயம், துத்தநாகம், செம்பு, கொஞ்சம் தங்கம் எல்லாம் படிந்தன. பக்கத்துப் பாறை முழுக்கப் பைரைட் என்ற இரும்பு சல்பைடு பொடிப்பொடியாக ஏறியது. காற்றும் மழையும் பட்டுப் பைரைட் துருவானதால்தான் ரெட் மவுண்டன் 1, 2, 3 என்ற மூன்று சிகரங்களும் சிவந்திருக்கின்றன. சுரங்கம் தோண்ட வந்தவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அங்கே கொத்தினார்கள். தாதுவுக்கும் நிறத்துக்கும் ஒரே தாய்.

சிமென்ட் க்ரீக் என்ற பெயருக்குக் காரணமும் அதன் கரையிலேயே இருக்கிறது. ஓடையில் வந்த இரும்பு, கூழாங்கற்களை ஒன்றோடொன்று ஒட்டி, காரை போட்டதுபோல் இறுக்கிய படுகைகள் உண்டு. ஃபெரிக்ரீட் என்பார்கள். அதற்குள் சிக்கியிருந்த மரத்துண்டுகளின் வயதை அளந்தபோது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று வந்தது. ஆக, முதல் கடப்பாரை விழுவதற்கு முன்பே அந்த ஓடை அமில ஓடைதான்.

---

வேதிமணி எழுதியது:

கற்படுகை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் "எப்போதுமே அப்படித்தான்" என்ற கட்சிக்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். கேள்வி அளவைப் பற்றியது.

பைரைட் அமிலமாக மூன்று வேண்டும்: பைரைட், தண்ணீர், ஆக்சிஜன். உடையாத மலைக்குள் முதல் இரண்டும் இருக்கும். மூன்றாவது ஆழத்துக்குப் போகாது. எனவே மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் வினை நடக்கும். கிடைமட்டமாக ஒரு சுரங்கப்பாதை வெட்டினால் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் அந்தப் பாதையின் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அதுவரை நீரில் மூழ்கியிருந்த பாறைக்குக் காற்று கிடைக்கிறது. வெடி வைத்து உடைத்த பாறையின் பரப்பு பல மடங்காகிறது. மேலே பெய்யும் பனி உருகி, அத்தனை பரப்பையும் கழுவிக்கொண்டு ஒரே வாயில் வழியாக வெளியே வருகிறது. அமிலத்தில் இரும்பு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைய உதவும் பாக்டீரியாக்களும் உண்டு. வினை ஒருமுறை தொடங்கினால் அதுவே தன்னை வளர்த்துக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செம்மஞ்சள் என்பது இரும்பு மட்டுமே. பி.எச். என்பது அமிலத்தின் அளவுகோல், எண் குறையக்குறைய அமிலம் கூடுதல். பி.எச். 3-ஐத் தாண்டத் தொடங்கியதும் கரைந்திருந்த இரும்பு துகளாகிப் படியும். அலுமினியம் பி.எச். 5-ஐ ஒட்டி வெள்ளையாகப் படியும். துத்தநாகமும் காட்மியமும் பி.எச். 8, 9 வரை ஏறாமல் எளிதில் படியாது. நிறமில்லாமல் கரைந்தே ஓடும். மீனின் செவுளைத் தாக்குவதில் துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கண்ணாடிபோல் தெளிந்து ஓடும் தண்ணீரிலும் அவை இருக்கலாம். நிறத்தை வைத்து மட்டும் நல்லது கெட்டது சொல்லக் கூடாது.

---

குறும்பாதை எழுதியது:

வரலாற்று வரிசையைச் சுருக்கமாகத் தருகிறேன். 1860-ல் சார்ல்ஸ் பேக்கர் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் தங்கம் தேடி வந்தது. ஆற்றுமணலை அலசிப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. தாது பாறைக்குள் இருந்தது, மணலில் இல்லை. நிலமோ யூட் என்ற பழங்குடி மக்களுடையது. 1873-ல் புருனோ ஒப்பந்தம் என்ற பெயரில் சான் ஹுவான் மலைப்பகுதியை அரசு அவர்களிடமிருந்து எழுதி வாங்கியது. அடுத்த ஆண்டே சில்வர்ட்டனுக்குத் தெரு அளந்தார்கள். இந்த ஊர் யாருடைய மண்ணில் எழுந்தது என்பதைச் சொல்லாமல் அதன் அழகை எழுதுவது நியாயமில்லை.

தாது கிடைத்தது. அதைக் கோவேறு கழுதை முதுகில் மலை இறக்கும் கூலியில் லாபம் கரைந்தது. உலோகம் செறிந்த தாதுவை மட்டும் அனுப்பினார்கள், மற்றதைச் சுரங்க வாசலிலேயே கொட்டினார்கள். இன்று மலைச்சரிவில் தெரியும் குவியல்கள் பல அப்படி வந்தவை. 1882 ஜூலையில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் தெற்கே தாழ்வில் இருக்கும் டுராங்கோ ஊரிலிருந்து வந்து சேர்ந்ததும் கணக்கே மாறியது. தண்டவாள இடைவெளி மூன்று அடி. அகலப் பாதை போட்டிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் வளைவுகளுக்காக மலையை இன்னும் ஆழமாகக் குடைய வேண்டியிருக்கும். பாதையின் நீளம் 45 மைல், ஏற்றம் கிட்டத்தட்ட 2,800 அடி. சில்வர்ட்டனில் இருந்த உருக்காலையும் டுராங்கோவுக்கு இறங்கிப் போனது. நிலக்கரி அங்கேதான் இருந்தது. கரியை மேலே ஏற்றுவதைவிடத் தாதுவைக் கீழே இறக்குவது மலிவு.

பிறகு ஆட்டோ மியர்ஸ் என்பவர் சில்வர்ட்டனிலிருந்து மேலே சிறு ரயில்பாதைகள் போட்டார். ரெட் மவுண்டன் பக்கம் போன பாதையில் கார்க்ஸ்க்ரூ கல்ச் என்ற இடத்தில், வளைக்க இடமில்லாமல், பிரதான பாதையின் நடுவிலேயே எஞ்சினைச் சுழற்றும் மேடையை வைத்தார்கள். ரயில் பொறியியலில் அரிதான ஏற்பாடு அது.

1893-ல் வெள்ளியை அரசு வாங்கும் சட்டம் ரத்தானதும் வெள்ளியை மட்டும் நம்பிய ஊர்கள் பல காலியாயின. சில்வர்ட்டன் தாதுவில் தங்கமும் ஈயமும் செம்பும் கலந்திருந்ததால் ஊர் தப்பியது. 1918 ஃபுளூவில் சில வாரங்களுக்குள் ஊரில் பத்தில் ஒருவர் செத்துப்போனார்கள். ஹில்சைட் இடுகாட்டில் அவர்களில் பலரைச் சேர்த்துப் புதைத்த இடம் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஊர் எழுந்து நின்றது.

---

நிலாமுகில் எழுதியது:

ஒரு சந்தேகம். படங்களில் மரமே வளராத உயரத்தில், செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு மரக்கட்டடங்கள் தெரிகின்றன. அங்கிருந்து தாது எப்படி இறங்கியது? ரயில் அங்கே போயிருக்க முடியாதே.

---

இரும்புவடம் எழுதியது:

கம்பிவடத்தில் இறங்கியது, தோழி. நீங்கள் பார்த்தது தொழிலாளர் தங்கும் விடுதியாக இருக்கும். கலேனா மலையில் ஓல்ட் ஹண்ட்ரட் விடுதி அப்படித்தான் நிற்கிறது. தினமும் ஏறி இறங்க முடியாது என்பதால் சுரங்க வாசலிலேயே தங்க வைத்தார்கள்.

கம்பிவடப் பாதையில் இரண்டு வகை வடம். தடித்தது அசையாமல் நிற்கும், வாளியின் சக்கரம் அதன்மேல் உருளும். மெல்லியது சுற்றிக்கொண்டே இருக்கும், வாளியைப் பிடித்து இழுக்கும். கீழே இறங்கும் நிறைவாளிகளின் எடையே மேலேறும் வெறும் வாளிகளை இழுத்துவிடும். சரிவு போதுமான இடத்தில் எஞ்சின் தேவையில்லை, பிரேக்தான் தேவை. மேலேறும் வாளிகளில் விறகு, மளிகை, வெடிமருந்து, சில சமயம் ஆட்கள்.

கோளாறு எங்கே வரும் என்றால், தாங்குகோபுரத்தின் உச்சியில் தடித்த வடம் படுத்திருக்கும் இடத்தில்தான். ஒவ்வொரு வாளி கடக்கும்போதும் வடம் அங்கே மடங்கி நிமிர்கிறது. வெளி இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதனால் ஆள் போய் இழைகளை எண்ணிப் பார்ப்பதும், மசகு போடுவதும், காலக்கிரமத்தில் வடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பதும் அன்றாட வேலை. அடுத்த பகை பனிச்சரிவு. கோபுரங்களின் மேல்பக்கம் பனியை இரண்டாகப் பிரித்துவிடும் முக்கோண அணை கட்டுவார்கள். அதையும் மீறிச் சில ஆண்டுகளில் கோபுரம் போகும்.

இப்போது மில்லுக்கு வருகிறேன். வேதிமணியின் துத்தநாகத்துக்கு விடை அங்கே இருக்கிறது. தொடக்க கால இடிப்பு மில்லில் அரை டன்னுக்கு நெருங்கிய எடையுள்ள இரும்பு உலக்கைகள் தாதுவை இடிக்கும். பிறகு அதிரும் மேசைகளில் தண்ணீர் விட்டு, கனமானதைப் பிரிப்பார்கள். ஈயம் நன்றாகப் பிரியும். துத்தநாகத் தாது எடை குறைவு, கல்லோடு சேர்ந்து போய்விடும். போகட்டும் என்றே விட்டார்கள். காரணம், ஈய உருக்காலைகள் துத்தநாகம் அதிகமிருந்தால் விலையில் பிடித்துக்கொள்ளும். ஆக, துத்தநாகம் கழிவு மணலோடு நேரே ஆற்றில் விழுந்தது.

1910-களின் இறுதியில் நுரைமிதப்பு முறை வந்தது. யுரேகாவில் இருந்த சன்னிசைட் மில் அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்ட ஆலைகளில் ஒன்று. மாவாக அரைத்த தாதுக்கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துப் பைரைட்டை அடக்கி, சயனைடும் துத்தநாக சல்பேட்டும் போட்டுத் துத்தநாகத்தையும் அடக்கி, முதலில் ஈயத்தை நுரையோடு வழித்தெடுப்பார்கள். அடுத்த தொட்டியில் செம்பு சல்பேட் போட்டால் அடங்கியிருந்த துத்தநாகம் மிதக்கும். உலோக மீட்பு உயர்ந்தது. ஆனால் கழிவு இன்னும் நுண்ணியதாகி, ஆற்றில் வெகுதூரம் மிதந்துபோனது. கீழே டுராங்கோ அதற்கு முன்பே, மில் கழிவு காரணமாக, குடிநீருக்கு அனிமாஸை விட்டு ஃபுளோரிடா ஆற்றுக்குப் போயிருந்தது.

கழிவைக் குளம் கட்டித் தேக்கும் வழக்கம் 1930-களின் நடுவில்தான் மேஃபிளவர் மில்லில் பிடிபட்டது. அந்த மில் 1929-ல் கட்டப்பட்டு, இடையில் நின்றும் ஓடியும், 1991 வரை இருந்தது. இயந்திரங்கள் இன்னும் அதே இடத்தில் நிற்கின்றன. தாதுவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக, நொறுக்கி, உருளை அரைவை, மிதப்புத் தொட்டி, வடிகட்டி என்று நடந்து பார்க்கலாம். சில்வர்ட்டனில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

---

தூரப்பயணி எழுதியது:

அப்படியானால் 2015-ல் உடைந்தது எது? அந்தச் சுரங்கம் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லையே?

---

வேதிமணி எழுதியது:

ஓடவில்லை. கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அதைப் புரிந்துகொள்ளப் பக்கத்துச் சன்னிசைட் சுரங்கத்தைச் சொல்ல வேண்டும். அதன் கீழ்வாயில், சிமென்ட் க்ரீக் கரையில் உள்ள கிளாட்ஸ்டனில் திறக்கும் அமெரிக்கன் டன்னல். 1978 ஜூன் 4 அன்று மலைமேல் இருந்த எம்மா ஏரியின் அடி உடைந்து ஏரி முழுக்கச் சுரங்கத்துக்குள் இறங்கி, அந்த டன்னல் வழியே சேறும் மரமுமாக வெளியே வந்தது. ஏரிக்கு அடியில் தாதுநரம்பைத் தொடர்ந்து மேலே மேலே வெட்டியதில் மிச்சக் கூரை மெலிந்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே யாரும் இல்லை.

1991-ல் சன்னிசைட் மூடப்பட்டது. வெளியேறும் அமிலநீரை எக்காலத்துக்கும் சுத்திகரிப்பதற்குப் பதிலாக, மாநில அரசோடு செய்த உடன்பாட்டின்படி 1996 முதல் டன்னலைக் கான்கிரீட் அடைப்புகளால் மூடினார்கள். யோசனை அறிவியல்ரீதியாகச் சரியானது: உள்ளே நீர் நிறைந்தால் ஆக்சிஜன் போகாது, வினை நிற்கும். ஆனால் நீர்மட்டம் ஏற ஏற, மேலே முன்பு வறண்டிருந்த வாய்களில் கசிவு கூடியது. கோல்ட் கிங்கின் 7-ஆம் மட்டம் அவற்றில் ஒன்று. சன்னிசைட் நீர்தான் அங்கே வந்தது என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, நீதிமன்றம் வரை போனது.

அந்த வாய் மண்சரிந்து மூடியிருந்தது. மண்ணுக்குப் பின்னால் நீர் கூரைவரை நிறைந்து அழுத்தத்தில் இருந்தது. 2015 ஆகஸ்ட் 5 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பணிக்குழு முகப்பை இயந்திரத்தால் தோண்டியபோது அது பிய்த்துக்கொண்டது. சுமார் 30 லட்சம் கேலன், அதாவது ஒரு கோடியே பத்து லட்சம் லிட்டருக்கு மேல். மத்திய அரசின் நீர்வள அமைப்பு நடத்திய விசாரணை தவறைத் தெளிவாகச் சொன்னது: மேலிருந்து ஒரு துளை போட்டு நீர்மட்டத்தை அளந்திருந்தால் இது நடந்திருக்காது. வாயிலிருந்து ஏற்கெனவே நீர் கசிந்ததால் உள்ளே அழுத்தம் சேராது என்று எண்ணிவிட்டார்கள்.

---

கற்படுகை எழுதியது:

அடைப்பு போட்டதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். ஒற்றை வாயிலுள்ள, இறுக்கமான பாறையில் அடைப்பு நன்றாக வேலை செய்யும். இங்கே மலை ஏற்கெனவே வெடிப்புகளால் ஆனது, அதோடு நூறாண்டுச் சுரங்கங்கள் ஒன்றையொன்று அடுத்தடுத்து. ஒரு துளையை அடைத்தால் நீர் அடுத்ததைத் தேடும்.

மேற்கே ரெட் மவுண்டன் பக்கம் யாங்கி கர்ள் சுரங்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே தாது குழாய்போல் செங்குத்தாக இறங்கியது. மேலே ஈயம், கீழே போகப்போக வெள்ளி நிறைந்த செம்புத்தாது, இன்னும் ஆழத்தில் வெறும் பைரைட். அந்த ஆழத்தில் மதிப்பு குறைந்தது. அமிலநீரோ இரைப்பான்களையும் இரும்புக் குழாய்களையும் அரித்துத் தின்றது. அது 1880-களில்! சில ஆண்டுச் சுரங்கக் கழிவால் மட்டும் அந்த அமிலம் வந்திருக்காது. தோண்டியவர்கள் மலையின் அமிலத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறார்கள்.

---

வேதிமணி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். சுரங்கங்கள் எல்லாவற்றையும் சரிசெய்தாலும் சிமென்ட் க்ரீக் பளிங்காக ஓடாது. ஆனால் கீழே அனிமாஸில் துத்தநாகமும் காட்மியமும் குறைந்தால் மீன் வாழும் தூரம் நீளும். இலக்கு அதுதான். 2015 அக்டோபரிலிருந்து கிளாட்ஸ்டனில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. நீரில் சுண்ணாம்பு கலந்து பி.எச். 9-ஐ ஒட்டி ஏற்றி, உலோகங்களைச் சேறாகப் படியவைத்துப் பெரிய துணிப்பைகளில் வடிக்கிறார்கள். சேற்றை எங்கே வைப்பது என்பதுதான் ஓயாத தலைவலி. 2016 செப்டம்பரில் பொனிட்டா பீக் சுரங்க வட்டாரம் என்ற பெயரில் 48 இடங்களைச் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது நச்சுக்கழிவு இடங்களைத் தூய்மைப்படுத்தும் மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலில், சேர்த்தார்கள்.

---

குறும்பாதை எழுதியது:

தூரப்பயணி கேட்ட வரிசை. முதல் நாள் ஊரும் மியூசியமும், கடின ஏற்றம் வேண்டாம். 9,300 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஏழு பங்குதான். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாமல் தங்குங்கள். கூடினால் டுராங்கோவுக்கு (6,512 அடி) இறங்கிவிடுங்கள். வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டு மேலே ஏறுவது தவறு. கிரீன் தெருவில் 1883-ல் கட்டிய கிராண்ட் இம்பீரியல் விடுதி, பொன்குவிமாட நீதிமன்றம், பழைய சிறையில் இயங்கும் மியூசியம், இணையாக ஓடும் மண்சாலை பிளேர் தெரு என எல்லாம் நடைதூரம்.

இரண்டாம் நாள் காலையில் கவுண்டி ரோடு 2-ல் ஏறுங்கள். இரண்டு மைலில் மேஃபிளவர் மில். பிறகு ஓல்ட் ஹண்ட்ரட் சுரங்கம்: சிறு ரயிலில் மலைக்குள் கூட்டிப்போய் துளையிடும் கருவிகளை ஓட்டிக் காட்டுவார்கள். உள்ளே 9 டிகிரி செல்சியஸ்தான், ஜாக்கெட் வேண்டும். எட்டாவது மைலில் யுரேகா, மலைச்சரிவில் படிப்படியாக சன்னிசைட் மில்லின் கான்கிரீட் அடித்தளங்கள். அதுவரை சாதாரணக் கார் போகும். 11,200 அடியில் இருக்கும் அனிமாஸ் ஃபோர்க்ஸ் என்ற கைவிடப்பட்ட ஊருக்கு அடிப்பகுதி உயரமான வண்டி நல்லது. அதற்கு மேல் எஞ்சினியர், சினமன் கணவாய்கள் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்தப் பாதைகளை அனுமதிப்பதில்லை, முன்பே படித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமின்னல் வரும். உச்சிகளிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் 550-ஆம் நெடுஞ்சாலையில் யூரே ஊருக்கு. ரெட் மவுண்டன் கணவாய் 11,018 அடி. கணவாயைத் தாண்டியதும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து யாங்கி கர்ள் மரக்கட்டடமும் சிவந்த சிகரங்களும் ஒரே பார்வையில் தெரியும். யூரே பக்கப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. குளிர்காலத்தில் பனியை ஓரமாகத் தள்ளிவிட வழி வேண்டும். விளிம்பு பயமுள்ளவர்கள் சில்வர்ட்டனிலிருந்து வடக்கே போங்கள், மலையை ஒட்டிய பக்கம் கிடைக்கும். யூரேயிலிருந்து தெற்கே வந்தால் பள்ளத்தை ஒட்டியே ஓட்ட வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவால் சாலை மூடுவது சகஜம். 2019 மார்ச்சில் இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக்கிடந்தது.

ரயிலில் வருகிறவர்கள் டுராங்கோவிலிருந்து ஏறும்போது வலப்பக்க இருக்கை கேளுங்கள், ஆறு அந்தப் பக்கம். ஒருவழிக்கு மூன்றரை மணி நேரம், ஊரில் சுமார் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். மில்லுக்கும் போக நினைப்பவர்களுக்கு அது போதாது.

---

இரும்புவடம் எழுதியது:

இரண்டு எச்சரிக்கை சேர்க்கிறேன். திறந்து கிடக்கும் பழைய சுரங்க வாய்க்குள் ஓரடிகூட வைக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத காற்று, உளுத்த முட்டுமரம், தரைபோல் தெரியும் பலகைக்கடியில் நேர்குழி. இரண்டாவது, அந்த மலைகளில் நிலம் துண்டுதுண்டாகத் தனியாருக்குச் சொந்தம். 1872 சுரங்கச் சட்டப்படி தாதுநரம்பின் நீளப்போக்கில் 1,500 அடிவரை உரிமை கோரி, ஏக்கருக்கு 5 டாலர் கட்டிப் பட்டா வாங்கிவிட 1994 வரை முடிந்தது. அந்தப் பட்டாக்கள் இன்னும் செல்லும். அறிவிப்புப் பலகை உள்ள இடத்தில் வேலி இல்லையென்று நுழையாதீர்கள். இடிபாடுகளிலிருந்து ஒரு ஆணிகூட எடுக்கக் கூடாது.

---

நிலாமுகில் எழுதியது:

கடைசியாக ஒன்று. ஓடைகள் கலக்கும் நிறவேறுபாட்டைப் பார்க்கவே போகிறவர்கள் எந்த மாதம் போகலாம்?

---

வேதிமணி எழுதியது:

செப்டம்பர், தோழி. மே கடைசியிலும் ஜூனிலும் பனி உருகிய வெள்ளம் எல்லாவற்றையும் நீர்த்துப்போக வைத்துவிடும். செப்டம்பரில் ஓட்டம் குறைந்து, வருவதில் பெரும்பங்கு நிலத்தடி நீராக இருக்கும். மாதக் கடைசியில் ஆஸ்பென் மரங்களும் மஞ்சளாகியிருக்கும். சிமென்ட் க்ரீக் அனிமாஸில் சேரும் இடம் ஊரிலிருந்து நடைதூரம். சேர்ந்ததற்குக் கொஞ்சம் கீழே, ஓடைநீரின் அமிலம் ஆற்றுநீரால் தணியும் இடத்தில், செந்துருவோடு வெள்ளைப் படலமும் கற்களில் தெரிகிறதா பாருங்கள். அது அலுமினியம். தண்ணீரைத் தொட்டால் கை கழுவிக்கொள்ளுங்கள். நாய் கூட்டிப்போனால் குடிக்க விடாதீர்கள்.